குழந்தைக்கு ஃப்ளூ ஊசி: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

டர்பனுக்கு வந்த முதல் வருடம், ஜூலை மாதம், வீட்டுக்குப் பக்கத்துக் கெமிஸ்டில் போய் "பையனுக்கு ஃப்ளூ ஊசி போடணும்" என்று கேட்டேன். அங்கிருந்த சிஸ்டர் (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்னையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். ஊசி ஏப்ரலிலேயே வந்துவிட்டதாம், பாதி சீசன் முடிந்துவிட்டதாம். பையனுக்கு அப்போது இரண்டரை வயது. அதற்கு முந்தின வாரம்தான் ஐந்து நாள் காய்ச்சலில் துவண்டு எழுந்திருந்தான்.

என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது திருநெல்வேலிக் காலண்டர். சளி, காய்ச்சல் என்றால் ஐப்பசி மழையோடு வரும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இங்கே குளிர்காலம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஃப்ளூ அதற்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. அதனால் கைக்குழந்தையோடு புதிதாக வருகிறவர்கள் "ஊசி போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டால், "இப்போது என்ன மாதம்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

முதல் வேலை: காலண்டரைப் பார்ப்பது

தென்னாப்பிரிக்காவில் ஃப்ளூ பொதுவாக ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை இழுக்கும். சீசன் தொடங்கியதை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தேசியத் தொற்றுநோய் நிறுவனம் அறிவிக்கும். என்ஐசிடி என்று செய்தியில் அடிக்கடி கேட்பீர்கள். 2025-இல் மார்ச் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிட்டது. ஆகவே மே மாதம்தானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்கு அடுத்த வருடம் எந்தெந்த வைரஸை வைத்து ஊசி செய்ய வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு செப்டம்பரிலும் சொல்கிறது. அந்தப் புது ஊசி இங்கே மார்ச், ஏப்ரலில் கடைகளுக்கு வரும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் போன வருட ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது.

இப்போது கணக்குப் போடுங்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஃப்ளூ ஊசி போடுகிற குழந்தைக்கு, 8 வயது வரைக்கும், இரண்டு ஊசி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 4 வாரம் இடைவெளி. அந்த வைரஸை உடம்பு இதற்குமுன் பார்த்ததே இல்லை. முதல் ஊசி அறிமுகம் செய்துவைக்கிறது, இரண்டாவதுதான் எதிர்ப்புச் சக்தியை உருப்படியாக ஏற்றுகிறது. அதற்கப்புறமும் சுமார் 2 வாரம் ஆகும். ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் ஊசி என்றால் ஏப்ரல் 29-இல் இரண்டாவது, மே மாதம் பாதியில்தான் முழுப் பலன்.

எனக்குத் தேதி நினைவில் நிற்காது, திருவிழா நிற்கும். புனித வெள்ளி அன்று டர்பனுக்குப் பக்கத்தில் உள்ள மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். கிறிஸ்தவர்களின் விடுமுறை நாளில் மாரியம்மனுக்குத் திருவிழா எடுப்பது கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து வந்த பழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். அந்தத் திருவிழாவை ஒட்டி முதல் ஊசி என்று வைத்துக்கொண்டேன். ஆடிக் கூழ் ஊற்றும் சமயம், இங்கே 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்கள், அது வந்துவிட்டால் தாமதம் என்று அர்த்தம். தாமதமானாலும் போடலாம். சீசன் இன்னும் பாக்கி இருக்கிறதே.

இரண்டாவது: வயது

6 மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. அந்தக் குழந்தைக்குத் தாயின் ஊசிதான் காப்பு. கர்ப்பமாக இருக்கும்போது தாய் போட்டுக்கொண்டால் எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. இதை இந்த நாட்டிலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. எச்ஐவி இல்லாத தாய்மார்களிலும் அவர்கள் பெற்ற குழந்தைகளிலும் ஃப்ளூ ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கர்ப்பிணிகளுக்கு அரசு கிளினிக்கில் இந்த ஊசி இலவசம். பிரசவம் ஆகிவிட்டதா? அப்படியானால் வீட்டில் பிள்ளையைத் தூக்குகிற எல்லோரும், தாத்தா பாட்டி உட்பட, போட்டுக்கொள்வதுதான் வழி.

6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளைகளை உலக சுகாதார நிறுவனம் ஆபத்து அதிகமுள்ள பிரிவில் வைத்திருக்கிறது. மூச்சுக்குழாய் சின்னது, சளி அடைத்தால் சீக்கிரம் திணறும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இந்த வயதுக்கு வருடாவருடம் போடச் சொல்கிறது.

ஆனால் இங்கே ஒரு குழப்பம் வரும். கிளினிக்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் 'ரோட் டு ஹெல்த்' என்ற சின்னப் புத்தகம் தருவார்கள். தடுப்பூசி, எடை, வளர்ச்சி எல்லாம் அதில்தான். 6, 10, 14 வாரம், அப்புறம் 6 மாதம், 9 மாதம் என்று அட்டவணை போகும். அதில் ஃப்ளூ இருக்காது. "அரசாங்கமே போடவில்லை, அப்புறம் எதற்கு?" என்று என் கணவர் கேட்டார், நியாயமான கேள்விதான். அரசு வாங்கும் ஃப்ளூ ஊசி எண்ணிக்கையில் குறைவு. அது முதலில் மருத்துவப் பணியாளர், கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், எச்ஐவி உள்ளவர், இதயம், நுரையீரல் போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர் என்று போகிறது. உங்கள் குழந்தைக்கு ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் கிளினிக்கில் கேளுங்கள், தயங்க வேண்டாம். மற்றபடி ஆரோக்கியமான பிள்ளை என்றால் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

மூன்றாவது: முடிவு

ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியாமல் முடிவெடுக்க முடியாது. பரவுகிற வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தும் வருடங்களில், டாக்டரிடம் போகுமளவுக்கு வரும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. ஊசி போட்டும் ஃப்ளூ வரலாம், ஆனால் ஆஸ்பத்திரி வரைக்கும் போகும் வாய்ப்பு குறையும். சாதாரண ஜலதோஷத்தை இது தடுக்காது. ஆர்எஸ்வி என்று இன்னொரு வைரஸ் இருக்கிறது, சின்னக் குழந்தைகளுக்கு மூச்சிளைப்பு வரவைப்பது. இங்கே அது ஃப்ளூவுக்கு முன்னாலேயே, பிப்ரவரி, மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். அதையும் இது தடுக்காது. ஏப்ரலில் ஊசி போட்ட மறுவாரமே பிள்ளைக்கு இருமல் வந்து, "ஊசிதான் ஃப்ளூவைக் கொடுத்துவிட்டது" என்று அம்மாமார் பேசிக்கொள்வதில் பாதி இந்தக் கதைதான். கடையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸின் துண்டுகள். அதற்கு நோயைக் கொடுக்கத் தெரியாது.

சரி, தொந்தரவு? குத்திய இடம் வலிக்கும், சிவக்கும். ஒரு நாள், இரண்டு நாள் லேசான காய்ச்சல், சிணுங்கல், சாப்பாட்டில் முரண்டு. அபூர்வமாகக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். 2010-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பு 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வழக்கத்தைவிட அதிகமாக வலிப்பை வரவைத்தது. அந்த வயதுக்கு அதைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். இணையத்தில் யாராவது அதைக் காட்டிப் பயமுறுத்தினால், நடந்தது உண்மை, அது அந்த ஒரு தயாரிப்போடு போயிற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பிள்ளைக்கு முன்பே காய்ச்சல் வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். முன்பு ஃப்ளூ ஊசி போட்டுக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் போடக்கூடாது. முட்டை ஒவ்வாமையை மறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தடையாக இருக்காது. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இந்த நாட்டில் ஃப்ளூவால் வருடத்துக்கு 10,000 பேருக்கு மேல் இறப்பதாக என்ஐசிடி மதிப்பிடுகிறது. பெரும்பாலோர் முதியவர்களும் வேறு நோய் உள்ளவர்களும். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதில் கைக்குழந்தைகளின் பங்கு பெரியது.

நான் எப்படி முடிவெடுத்தேன் என்றால், அப்போது என் பையன் கிரெச் போய்க்கொண்டிருந்தான். கிரெச் என்றால் பாலர் காப்பகம். இருபது மூக்கு ஒழுகும், இருபது பேரும் ஒரே பொம்மையை வாயில் வைப்பார்கள். அடுத்து, எங்கள் வீட்டில் மாமனார் இருக்கிறார், சர்க்கரைக்காரர். இந்த இரண்டும் போதும், நான் போட்டேன். ஆஸ்துமா, குறைமாதப் பிறப்பு, இதயக் கோளாறு, எச்ஐவி எது இருந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை, போடுங்கள். வீட்டிலேயே வளர்கிற, நோய் நொடி இல்லாத நாலு வயதுப் பிள்ளை, கையில் காசும் இறுக்கம் என்றால்? போடாவிட்டால் நீங்கள் பொறுப்பில்லாத தாய் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் கர்ப்பிணியோ 65 தாண்டிய பெரியவர்களோ இருந்தால் அவர்களைக் கிளினிக்கின் இலவச ஊசிக்கு அழைத்துப் போங்கள், அது பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

ஊரிலிருந்து அம்மா போனில், "ஏட்டி, பச்சப் பிள்ளைக்கு எதுக்குட்டி வருசாவருசம் ஊசி? கற்பூரவள்ளி எலைய வாட்டிச் சாறு எடுத்துத் தேன் விட்டுக் குடு" என்றார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழில் நாலைந்து வார்த்தைதான் வரும், அதில் ஒன்று ரசம். இங்கே ஃப்ளூ என்றாலே எந்த இந்தியர் வீட்டிலும் மிளகு ரசம் கொதிக்கும். தொண்டைக்கு இதம்தான், நானும் வைக்கிறேன். ஆனால் ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் மட்டும் கூடாது. அதிலிருக்கும் ஒரு கிருமி பிஞ்சுக் குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கக்கூடும்.

நான்காவது: எங்கே, எப்படி

கிளிக்ஸ், டிஸ்கெம் போன்ற பெரிய மருந்துக் கடைகளுக்குள்ளேயே சின்னக் கிளினிக் இருக்கும். வழக்கமாகப் பார்க்கிற ஜீபியிடமும் (பொது டாக்டரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), குழந்தை டாக்டரிடமும் போடலாம். நேரில் போகுமுன் போன் செய்து மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். இந்த வயதுக் குழந்தைக்கு அங்கே போடுகிறார்களா? எல்லாக் கடையும் சின்னக் குழந்தையைத் தொடாது. அவர்களிடம் இருக்கும் ஊசி எத்தனை மாதத்திலிருந்து அனுமதிக்கப்பட்டது? வாக்ஸிகிரிப் என்ற ஊசியை 6 மாதத்திலிருந்து போடலாம், எல்லாப் பெயருக்கும் அதே வயது என்று நினைக்க வேண்டாம். எத்தனை மில்லி என்பதும் தயாரிப்பைப் பொறுத்தது. மூன்றாவது, நான் சூடு கண்ட கேள்வி: 4 வாரம் கழித்து இரண்டாவது ஊசி இருக்குமா? அந்த முதல் வருடம் ஒரு ஊசி போட்டுவிட்டு ஆகஸ்டில் திரும்பப் போனால், "தீர்ந்துவிட்டது, இனி அடுத்த வருடம்தான்" என்றார்கள். நாலு கடை ஏறி இறங்கி, ஒரு டாக்டரிடம் கடைசி ஒன்றைப் பிடித்தேன். இப்போதெல்லாம் முதல் ஊசி அன்றே இரண்டாவதற்குப் பெயர் எழுதிவைக்கச் சொல்லிவிடுகிறேன்.

மெடிக்கல் எய்ட் (இங்குள்ள தனியார் மருத்துவக் காப்பீடு) இருக்கிறவர்கள் முன்கூட்டியே கேளுங்கள். பல திட்டங்களில் வருடத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி தடுப்புச் சலுகையில் வந்துவிடும், அந்தத் திட்டத்தில் உள்ள உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கை வைக்காது. குழந்தையின் இரண்டாவது ஊசிக்கும் அதே சலுகை உண்டா என்பதுதான் கேட்க வேண்டியது.

ஊசியை வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் போய்ப் போடலாம் என்று நினைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. லோட்ஷெடிங் (மின்வெட்டு) நாளில் வீட்டு ஃபிரிட்ஜை நம்பி வைக்கிற சாமானில்லை. போடுகிற இடத்திலேயே வாங்குவது நல்லது.

விசா இன்னும் ஒட்டாதவர்கள், தாளில் ஏதாவது குறையுள்ளவர்கள் கவனிக்க: 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை 1994-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2023-இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாசலில் யாராவது வேறு மாதிரிப் பேசினால் இதை நினைவில் வையுங்கள்.

அன்றைக்குப் பிள்ளைக்கு நல்ல காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுங்கள். லேசான மூக்கொழுகலுக்குத் தள்ள வேண்டாம், கிரெச் பிள்ளைக்கு மூக்கொழுகாத நாள் எது? ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையையும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். ஊரிலேயே முன்பு இரண்டு ஃப்ளூ ஊசி போட்டிருந்தால் இங்கே இந்த வருடம் ஒன்று போதும். ஒன்றுதான் போட்டிருந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். புத்தகம் இல்லையா, பக்கத்துக் கிளினிக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தொடையின் முன்பக்கம் போடுவார்கள், பெரிய பிள்ளைக்குக் கையின் மேல்பகுதியில். மகளுக்கு 9 மாதத்தில் போட்டபோது பால் கொடுத்துக்கொண்டே தொடையை நீட்டிக் காட்டினேன். சிஸ்டர் வலது கையில் ஊசியை மறைத்துப் பிடித்து, இடது கையால் ஒரு ரப்பர் கையுறையை ஊதிப் பலூனாக்கி ஆட்டினார். ஐந்து விரலும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஊசி வெளியே வந்த பிறகுதான் "எனக்கு என்ன நடந்தது?" என்ற முகத்தோடு வாயைத் திறந்தாள். அழுகை ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் 15 நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள், ஒவ்வாமை வந்தால் பார்த்துக்கொள்ள. எழுந்து ஓடாதீர்கள். புத்தகத்தில் தேதி, ஊசியின் பெயர், பேட்ச் எண் மூன்றும் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காய்ச்சல் வந்தால்

ஊசிக்குப் பின் வந்தாலும் சரி, சீசனில் தானாக வந்தாலும் சரி, பிள்ளைக்குப் பனாடோ சிரப். அது ஊரில் உள்ள பாரசிட்டமால்தான். அளவு வயதைவிட எடையைப் பார்த்து. இங்கே பல வீட்டுச் சமையலறை இழுப்பறையில் கிராண்ட்பா பவுடரும் டிஸ்பிரினும் இருக்கும், பெரியவர்கள் தலைவலிக்கு டீயோடு போட்டுக்கொள்வார்கள். இரண்டிலும் ஆஸ்பிரின் இருக்கிறது. ஃப்ளூ காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், அபூர்வமாக, மூளையையும் ஈரலையும் தாக்கும் ரெய் நோய் வரலாம். பாசத்தில் கால் மாத்திரை உடைத்துக் கொடுக்க வருகிற பெரியவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். மீந்துபோன ஆன்டிபயாடிக்கையும் எடுக்காதீர்கள், வைரஸிடம் அது பலிக்காது. ஆஸ்துமா போன்ற தொல்லை உள்ள பிள்ளைக்கு ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால் முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் போங்கள். ஃப்ளூவுக்கென்று உள்ள மருந்து அதற்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதிலிருந்து 5 வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலமானாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், எழுப்பினால் எழாமல் துவண்டாலும், வலிப்பு வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. 3 மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே உடனே ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன், கீழே மகளின் இரண்டாவது ஊசித் தேதி. பையனுக்கு இப்போது 7 வயது, வருடத்துக்கு ஒரு ஊசியோடு முடிந்துவிடுகிறது. தங்கைக்கு மட்டும் இரண்டு என்று தெரிந்ததிலிருந்து அந்தத் தேதியை எனக்கு முன்னால் அவன்தான் நினைவூட்டுகிறான்.